மாடி வண்டிப்பேட்டை

நமது பழைய சந்தை ஊர்கள் பலவற்றில் வண்டிப்பேட்டை என்று ஓர் இடம் உண்டு. பேட்டை மறைந்துபோன ஊர்களிலும் அந்தப் பெயர் மட்டும் ஒரு தெருவுக்கோ, பஸ் நிற்கும் இடத்துக்கோ ஒட்டிக்கொண்டிருப்பதைக் காணலாம். கிராமத்திலிருந்து வருகிறவர் அங்கே மாட்டை அவிழ்த்துக் கட்டிவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, கடைவீதியை நோக்கி நடக்கத் தொடங்குவார். அவர் நடந்த வழியெல்லாம் கடைகள் முளைத்தன. லாடம் அடிப்பவர், கயிறு திரிப்பவர், பலகாரக் கடைக்காரர், பாத்திரக் கடைக்காரர் ஆகிய எல்லோருக்கும் அந்த நடையே ஜீவனம். வண்டிக்கு நிழல் கிடைத்தது. ஊருக்கு வியாபாரம் கிடைத்தது.

மோட்டார் யுகத்து வண்டிப்பேட்டையைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்வதே இவ்வாரக் கட்டுரையின் நோக்கம். அமெரிக்க நாட்டு நகரங்களில் நடுக் கடைவீதிக்கு வரும் கார்களை நிறுத்துவதற்காக நகரசபைகள் நான்கு மாடி, ஐந்து மாடி, ஆறு மாடி என்று கட்டிடங்களை எழுப்பியிருக்கின்றன. அவற்றுள் சில, தாம் நிற்கும் தெருவை வாழவைத்தன. வேறு சில அதைக் கொன்றுவிட்டன. இரண்டும் சிமெண்டினால் கட்டியவைதாம். இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு வண்டிகளை நிறுத்துபவைதாம். அப்படியிருக்க வித்தியாசம் எங்கே? கட்டிடத்தின் தரைத்தளத்தில் இருக்கிறது. தெருவோடு ஒட்டிய அந்த ஒரு தளத்தில் கடைகள் இருக்கின்றனவா, வெறுஞ்சுவர் இருக்கிறதா என்பதைப் பொறுத்தே மற்றதெல்லாம் நடக்கிறது.

உபாத்தியாயரின் வழக்கப்படி முதலில் ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஒரு காரை நிறுத்துவதற்கு எவ்வளவு இடம் வேண்டும்? கார் நிற்கும் கட்டம் சுமார் 9 அடி அகலம், 18 அடி நீளம். ஆக 162 சதுர அடி. ஆனால் கட்டத்துக்குள் நுழையவும் வெளியேறவும் வழி வேண்டும். மேல்மாடிக்கு ஏறச் சாய்தளம் வேண்டும். தூண், படிக்கட்டு, மின்தூக்கி எல்லாம் வேண்டும். இவற்றையும் பங்கிட்டுப் பார்த்தால் ஒரு காருக்குச் சுமார் 325 சதுர அடி ஆகிறது. பத்தடிக்குப் பத்தடி அறைகள் மூன்றை ஒன்றாகச் சேர்த்தாலும் இந்த அளவுக்குச் சற்றுக் குறைவுதான். நம்மில் எத்தனையோ குடும்பங்கள் இதைவிடச் சிறிய இடத்தில் குழந்தைகளை வளர்த்து, கல்யாணமும் செய்து கொடுத்திருக்கின்றன!

நானூறு கார்களுக்கு இடம் வேண்டுமென்று ஒரு நகரசபை தீர்மானிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 400-ஐ 325-ஆல் பெருக்கினால் 1,30,000 சதுர அடி. இதைத் தரையிலேயே பரப்பினால் ஏறக்குறைய 3 ஏக்கர் நிலம் வேண்டும். நடுக் கடைவீதியில் மூன்று ஏக்கருக்கு எங்கே போவது? ஆகையால் மாடி கட்டுகிறார்கள். ஐந்து தளமாக அடுக்கினால் தளத்துக்கு 26,000 சதுர அடி போதும்.

இனி, இந்தக் கட்டிடத்தின் ஒரு பக்கம் பெரிய கடைவீதியை 200 அடி நீளத்துக்குத் தொட்டுக்கொண்டு நிற்கிறது என்று கொள்வோம். அந்த முகப்பில் 50 அடி ஆழத்துக்கு இடம் ஒதுக்கினால் 10,000 சதுர அடி கிடைக்கும். இருபதடி அகலத்தில் பத்துக் கடைகள் வைக்கலாம். இதனால் இழப்பது எத்தனை கார்? பத்தாயிரத்தை 325-ஆல் வகுத்தால் முப்பதும் சொச்சமும். நானூறில் முப்பது! நூற்றுக்கு எட்டுக்கும் குறைவு. முப்பது கார்களா, பத்துக் கடைகளா என்பதே நகரசபை அங்கத்தினர்கள் விடை சொல்ல வேண்டிய கேள்வி.

காரில் போகிறவருக்கு இது பெரிய விஷயமாகத் தோன்றாது. நடந்து போகிறவரைக் கேட்டால் தெரியும். இருநூறு அடி நீளத்துக்கு ஜன்னலில்லாத ஒரு சுவர். அதன் மேலே பெட்ரோல் புகை. இடையில் திடீரென்று வண்டிகள் பாய்ந்து வரும் ஒரு வாசல். மாலை மங்கிய பிறகு அந்தச் சுவரை ஒட்டிப் பெண்களும் முதியவர்களும் நடக்க விரும்புவார்களா? எதிர்ச்சாரிக்கு மாறிக்கொள்வார்கள், அல்லது அந்தத் தெருவுக்கே வராமல் இருந்துவிடுவார்கள். சுவருக்கு இப்பால் இருக்கும் ஜவுளிக் கடைக்கும் அப்பால் இருக்கும் புத்தகக் கடைக்கும் நடுவே சங்கிலி அறுந்துபோகிறது. கடைவீதி என்பது ஒரு சங்கிலி. ஒரு கடையைப் பார்த்தவர் அடுத்ததையும் பார்த்துக்கொண்டே நடப்பார். கண்ணுக்கு ஒன்றும் தென்படாத இருநூறு அடி அவரைத் திருப்பி அனுப்பப் போதுமானது. கடைக்காரர்களின் நன்மைக்காக என்று கட்டிய கட்டிடம் அவர்கள் வியாபாரத்தையே அரித்துவிடும் விந்தை இவ்வாறு நிகழ்கிறது.

"அப்படியானால் கடைகளையும் சேர்த்துக் கட்டிவிட்டால் போகிறது" என்று நேயர்கள் சொல்லக்கூடும். சொல்வது எளிது. கட்டிடம் எழுந்த பிறகு கடைகளைச் செருகுவது மட்டும் நடக்காத காரியம். ஏனென்று பார்ப்போம்.

முதலாவது, உயரம். கார் நிற்கும் தளத்துக்குப் பத்தடி உயரம் போதும். கடைக்கோ பதினாலு பதினைந்து அடி வேண்டும். இல்லாவிட்டால் வெளிச்சமும் காற்றும் இன்றி நிலவறை போலாகிவிடும். தரைத்தளம் உயர்ந்தால் சாய்தளமும் நீள வேண்டும். கார்கள் நிற்கவும் செய்கிற சாய்தளத்தில் நூறடிக்கு ஐந்தடி ஏற்றம் சௌகரியமானது. பத்தடி ஏற இருநூறு அடி ஓட்டம். பதினைந்தடி ஏறினால் முந்நூறு அடி. அவ்வளவு நீளம் மனையில் இராது. ஆகவே முதல் மாடி வரைக்கும் கார் நிறுத்தாத, சற்றுச் செங்குத்தான தனிச் சாய்தளம் அமைக்க நேரிடுகிறது. இதையெல்லாம் முதல் கோடு போடும்போதே யோசிக்க வேண்டும்.

இரண்டாவது, ஆழம். பேருக்குக் கடை வேண்டுமென்று சில இடங்களில் பதினைந்தடி ஆழத்தில் பெட்டி போன்ற அறைகளைக் கட்டி வைப்பதுண்டு. அதில் சரக்கை எங்கே வைப்பது, கணக்குப்பிள்ளை எங்கே உட்காருவது? வாடகைக்கு வருவாரில்லாமல் கதவு பூட்டிக் கிடக்கும். பூட்டிய கடைக்கும் வெறுஞ்சுவருக்கும் அதிக வித்தியாசமில்லை.

மூன்றாவது, நீரும் நெருப்பும். மழையில் நனைந்தும், குளிர்நாடுகளில் பனிக்கட்டியைச் சுமந்தும் வருகிற கார்கள் மேல்தளத்தில் நீரைச் சொட்டிக்கொண்டே இருக்கும். கீழே பட்டுச் சேலைக் கடை இருந்தால் என்ன ஆகும்? கடைகளுக்கு மேலுள்ள தளத்துக்கு நீர் கசியாத பூச்சும் சரியான வடிகாலும் இன்றியமையாதவை. கடைக்கும் கார்களுக்கும் இடையே தீ பரவாத சுவர் வேண்டும். சாப்பாட்டுக் கடை வைப்பதானால் அடுப்புப் புகை எல்லா மாடிகளையும் கடந்து மேலே போகப் புகைபோக்கி வேண்டும். அதற்கான துவாரத்தை ஒவ்வொரு தளத்திலும் முன்கூட்டியே விட்டுவைக்காவிட்டால், அந்தக் கட்டிடத்தில் என்றைக்கும் தோசை வார்க்க முடியாது.

நான்காவது, வாசல். கார்கள் நுழையும் வாசலைப் பெரிய கடைவீதியில் வைப்பது பெருந்தவறு. நடைபாதையை வண்டிகள் குறுக்கே வெட்டிக்கொண்டே இருக்கும். பக்கத்துச் சிறு தெருவில் வாசல் வைத்து, காத்து நிற்கும் வண்டிகள் தெருவை அடைக்காதபடி உள்ளே சிறிது தூரம் வரிசைக்கும் இடம் விட வேண்டும். காரை விட்டு இறங்கினவர்கள் வெளியே வரும் படிக்கட்டும் மின்தூக்கியும் மட்டுமே கடைவீதியின் பக்கம் திறக்க வேண்டும்.

இந்த நாலாவது விஷயம் மிக முக்கியமானது. நமது பழைய பேட்டையில் நடந்தது என்ன? வண்டிக்காரர் நடக்கிறவராக மாறினார். மாடி வண்டிப்பேட்டையும் அந்த வேலையைத்தான் செய்ய வேண்டும். காரோட்டி வந்தவர் கைப்பையுடன் தெருவில் காலெடுத்து வைக்கும் அந்த நிமிஷத்தில்தான் அவரால் ஊருக்குப் பிரயோஜனம் உண்டாகிறது. அந்த நடையை நீக்கிவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்திலேயே ஒரு திருஷ்டாந்தம் இருக்கிறது.

அங்கே வால்ட் டிஸ்னி பெயரால் ஒரு சங்கீத மண்டபம் கட்டினார்கள். பிராங்க் கெரி என்னும் புகழ்பெற்ற சிற்பி வகுத்த கட்டிடம். மண்டபம் 2003-ம் வருஷத்தில்தான் திறக்கப்பட்டது. ஆனால் அதன் கீழுள்ள கார் நிறுத்துமிடம் அதற்கு ஏழு வருஷம் முன்னதாக, 1996-லேயே தயாராகிவிட்டது! பூமிக்கடியில் ஆறு தளம், 2,188 கார்கள், செலவு 11 கோடி டாலர். அதாவது ஒரு காருக்கு ஏறத்தாழ 50,000 டாலர். கவுண்டி நிர்வாகம் கடன் வாங்கி இதைக் கட்டிற்று. அந்தக் கடனை அடைக்கும் அளவுக்குக் கார்க் கட்டணம் வசூலாக வேண்டுமே? ஆகையால் ஒவ்வொரு குளிர்காலப் பருவத்திலும் குறைந்தது 128 கச்சேரிகளாவது நடத்தியாக வேண்டுமென்று மண்டபத்தின் குத்தகைப் பத்திரத்தில் ஒரு நிபந்தனை எழுதப்பட்டது. நமது சபாக் காரியதரிசிகள் கச்சேரிக்கு ரஸிகர்களைத் தேடி அலைவார்கள். அங்கேயோ வண்டிப்பேட்டை கச்சேரியைத் தேடி அலைந்தது!

இதைவிட வருந்தத் தக்கது பின்னால் நடந்தது. ரஸிகர்கள் பூமிக்கடியில் காரை நிறுத்தி, ஓடும் படிக்கட்டில் ஏறி, நேரே மண்டபத்துக்குள் பிரவேசிக்கலாம். கச்சேரி முடிந்ததும் அதே வழியாக இறங்கிப் போய்விடலாம். தெருவில் ஓர் அடியும் வைக்க வேண்டியதில்லை. ஸான் பிரான்ஸிஸ்கோ நகரத்தில் 1980-ல் திறந்த டேவிஸ் சங்கீத மண்டபத்தையோ கார் நிறுத்துமிடம் ஒன்றைச் சேர்த்துக் கட்டாமலே திறந்தார்கள். அங்கே கச்சேரி கேட்டு வெளியே வருகிறவர்கள் தெருவில் நடக்கிறார்கள். பலகாரக் கடைகளிலும் புத்தகக் கடைகளிலும் நுழைகிறார்கள். நடப்பவர்கள் பலர் இருப்பதாலேயே இரவில் நடக்கப் பயமில்லை. இவ்விரண்டு மண்டபங்களையும் ஒப்பிட்டுக் காட்டியவர் டொனால்ட் ஷூப் என்னும் நகரத் திட்டமிடல் பேராசிரியர். கலிபோர்னியா சர்வகலாசாலையின் லாஸ் ஏஞ்சல்ஸ் கலாசாலையில் போதித்தவர், 2025-ல் காலமானார். கார் நிறுத்தும் இடத்தைப் பற்றி மட்டும் எழுநூறு பக்கத்துக்கு மேல் ஒரு புத்தகம் எழுதி 2005-ல் வெளியிட்டார். இலவசமாகக் கார் நிறுத்துவதற்கு ஊர் கொடுக்கும் விலை எவ்வளவு என்பதே அதன் பொருள்.

காரியத்தை ஒழுங்காகச் செய்த ஊரும் உண்டு. ராக்கி மலைகளின் அடிவாரத்தில், கொலராடோ மாகாணத்தில் போல்டர் என்றொரு நடுத்தர நகரம். சர்வகலாசாலை இருக்கும் ஊர். அங்கே நடுக் கடைவீதியில் சொத்து வைத்திருப்பவர்களுக்கென்று 1970-ல் ஒரு தனி வரி வட்டாரம் அமைத்தார்கள். ஒவ்வொரு கடைக்காரரும் தம் கொல்லைப்புறத்தில் தனித்தனியாகக் கார் நிறுத்த இடம் விட வேண்டாம். அதற்குப் பதில் எல்லோருமாக வரி கொடுத்துப் பொதுவில் சில கட்டிடங்களைக் கட்டிக்கொள்வோம் என்பது ஏற்பாடு. இதில் இருக்கும் லாபத்தைக் கவனியுங்கள். பகலில் காரியாலயக்காரர் நிறுத்திய இடத்தில் இரவில் சாப்பாட்டுக்கு வருகிறவர் நிறுத்துகிறார். தனித்தனியாக வைத்திருந்தால் இரண்டு இடம் வேண்டியிருக்கும்.

இந்த வட்டாரத்தின் நடுவே பேர்ல் வீதியை நான்கு பகுதித் தூரத்துக்குக் கார்கள் புகாத நடைவீதியாக 1977-ல் மாற்றினார்கள். கார்கள் அதற்கு அடுத்த வீதிகளில் மாடிக் கட்டிடங்களில் நிற்கின்றன. அக் கட்டிடங்களின் தெருமுகப்பில் கடைகள் வைத்திருக்கிறார்கள். ஆகவே அதன் பக்கமாக நடந்து போகிறவருக்குக் கடைவீதியின் தொடர்ச்சியாகத்தான் தென்படும். இன்னொரு நல்ல காரியமும் அங்கே நடந்திருக்கிறது. கார் நிறுத்தும் கட்டணத்தில் வந்த பணத்தைக் கொண்டு கடைவீதிச் சிப்பந்திகளுக்கு இலவச பஸ் சீட்டுக் கொடுத்தார்கள். இது தர்மம் மட்டும் அல்ல, கணக்கும் கூட. ஒரு சிப்பந்தி பஸ்ஸில் வந்தால் ஒரு கார்க் கட்டம் வாடிக்கைக்காரருக்கு மிச்சம். புதிய கட்டம் ஒன்று கட்டும் செலவைக் காட்டிலும் பஸ் சீட்டின் விலை மிகச் சொற்பம்.

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. இத்தனை செலவில் மாடி கட்ட வேண்டிய அவசியம் உண்மையில் இருக்கிறதா? இதை முதலிலேயே விசாரித்துவிட வேண்டும்.

வீதி ஓரத்தில் கார் நிறுத்த இடமில்லையென்று கூக்குரல் எழுவதன் காரணம் பெரும்பாலும் அந்த இடம் இலவசமாக இருப்பதே. காசு கொடுக்காமல் கிடைக்கும் இடத்தைக் காலை எட்டு மணிக்கே கடைச் சிப்பந்திகளும் முதலாளிகளும் பிடித்துக்கொண்டுவிடுகிறார்கள். வாங்க வருகிறவர் சுற்றிச் சுற்றி வருகிறார். இப்படி இடம் தேடிச் சுற்றுவதைப் பற்றி 1927 முதல் 2001 வரையில் பல நகரங்களில் நடந்த பதினாறு ஆராய்ச்சிகளை ஷூப் தொகுத்துப் பார்த்தார். அவற்றின் சராசரிப்படி அந்தந்த வீதிகளில் ஓடிய வண்டிகளில் நூற்றுக்கு 30, இடம் தேடி அலையும் வண்டிகள். ஓர் இடம் கிடைக்கச் சராசரி 8 நிமிஷம் ஆயிற்று. நெரிசல் மிக்க வீதிகளில் எடுத்த கணக்கு என்பதை மறக்கலாகாது. ஆனாலும் யோசிக்க வைக்கும் கணக்கு.

இதற்கு மருந்து 1935-ம் வருஷம் ஜூலை மாதம் 16-ந் தேதியன்றே ஒக்லஹோமா நகரத்தில் தெருவில் நடப்பட்டது. கார்ல் மாகீ என்னும் பத்திரிகாசிரியரின் யோசனை அது; அதைச் செய்துகொடுத்தவர்கள் அந்த மாகாணத்து எஞ்சினீரிங் கலாசாலை ஆசிரியர் ஒருவரும் அவருடைய பழைய மாணவரும். மணிக்கு ஐந்து சென்ட் போட்டால் ஓடும் மீட்டர். காசு போட வேண்டுமென்றால் நாள் முழுதும் நிறுத்துகிறவர் வேறிடம் போவார்; அரைமணி வேலையாக வந்தவருக்கு இடம் கிடைக்கும்.

கடைக்காரர்களுக்கு மீட்டர் என்றாலே கசப்பு. "காசு கேட்டால் யார் வருவார்?" என்பது அவர்கள் வாதம். கலிபோர்னியாவில் பாஸடீனா நகரத்துப் பழைய கடைவீதியிலும் இப்படித்தான் சொன்னார்கள். சீரழிந்து கிடந்த வீதி அது. இலவசமாக இரண்டு மணி நேரம் நிறுத்தலாம் என்ற விதி இருந்தது. சிப்பந்திகள் இரண்டு மணிக்கொரு தரம் காரை நகர்த்தி நகர்த்தி வைத்துக்கொண்டார்கள். கடைசியில் நகரசபை ஒரு யோசனை சொல்லிற்று: "மீட்டரில் விழும் பணம் முழுவதையும் உங்கள் வீதிக்கே செலவழிக்கிறோம்." கடைக்காரர்கள் சம்மதித்தார்கள். 1993-ல் மணிக்கு ஒரு டாலர் வீதம் மீட்டர் வந்தது. அந்த வருமானத்தை ஈடு காட்டி 50 லட்சம் டாலர் கடன் வாங்கி, நடைபாதை, விளக்கு, மரம், பின்சந்துகள் எல்லாவற்றையும் சீர்ப்படுத்தினார்கள். 2001-ம் வருஷத்தில் செலவு போக மீட்டரில் மிஞ்சியது 12 லட்சம் டாலர். கூட்டம் குறைந்ததா? பெருகியது.

அதே ஊரில் அதே பெரிய வீதியில் 1980-ல் கட்டிய ஒரு பெரிய அங்காடிக் கட்டிடம் தெருவுக்கு முதுகைக் காட்டி, வெறுஞ்சுவராக நின்றது. இருபது வருஷம் தாண்டவில்லை, இடித்துவிட்டார்கள். 2001-ல் அந்த இடத்தில் தெருவைப் பார்த்துக் கடைகள் திறக்கும்படி புதிதாகக் கட்டினார்கள். தெருவுக்கு முதுகைக் காட்டுவது எந்தக் கட்டிடத்துக்கும் ஆகிவருவதில்லை என்பதற்கு இதைவிட வேறு ருசு வேண்டுமா?

ஆகவே வரிசை இதுதான். முதலில் வீதி ஓரத்துக்குச் சரியான கட்டணம் வைத்துப் பார்க்க வேண்டும். பிறகு, மாலை ஆனால் பூட்டிக் கிடக்கும் தனியார் நிறுத்துமிடங்களைப் பொதுவில் பகிர்ந்துகொள்ள முடியுமா என்று பார்க்க வேண்டும். அதன் பிறகும் இடம் போதவில்லை என்றால்தான் மாடி கட்டும் பேச்சு. அப்படிக் கட்டுவதானால் தரைத்தளத்தில் கடைகளோடு கட்ட வேண்டும்.

எதிர்க்கட்சியின் வாதத்தையும் கேட்காமல் தீர்ப்புச் சொல்வது நியாயமன்று. அவர்கள் சொல்வதில் வாஸ்தவம் உண்டு. கடைக்கு வாடகை வருமென்று நகரசபை கணக்கெழுதி வைக்கும்; முதல் இரண்டு மூன்று வருஷம் கடைகள் காலியாகக் கிடக்கலாம். மேலே கார் ஓடும் சத்தமும் அதிர்வும் இருப்பதால் பெரிய வியாபாரிகள் தயங்கலாம். கடைகளைக் கட்டும் செலவு கூட. இவையெல்லாம் மெய்தான். ஆனால் பொதுக் கட்டிடத்தின் முகப்பை வாடகை வருமானத்தைக் கொண்டு மட்டும் அளப்பது, பள்ளிக்கூடத்தைச் சம்பள வசூலைக் கொண்டு அளப்பது போலாகும். தொடக்கத்தில் குறைந்த வாடகைக்கு விடட்டும். பெரிய கடை கிடைக்காவிட்டால் தையற்காரருக்கும், பழைய புத்தகக் கடைக்காரருக்கும், பெண்கள் நடத்தும் பலகாரக் கடைக்கும் விடட்டும். சொத்து நகரசபையினுடையது, தனி முதலாளியைப் போல் அடுத்த மாதமே லாபம் பார்க்க வேண்டிய நிர்ப்பந்தம் அதற்கில்லை. கடைமுகப்பின் லாபம் அந்தக் கடைகளில் மட்டும் விழுவதில்லை. பக்கத்திலும் எதிரிலும் இருக்கும் கடைகளிலும் விழுகிறது; அங்கிருந்து வரியாக நகரசபைக்கே திரும்புகிறது.

ஒரு துரதிருஷ்டமான வழக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். செலவு மீறிப்போனால் முதலில் வெட்டப்படுவது இந்தத் தரைத்தளக் கடைகள்தாம். "இப்போதைக்குக் கார்கள் நிற்கட்டும்; பிற்பாடு பார்த்துக்கொள்ளலாம்" என்பார்கள். மேலே சொன்ன உயரமும் வடிகாலும் புகைபோக்கியும் இல்லாமல் கட்டிவிட்ட பிறகு அந்தப் பிற்பாடு வருவதே இல்லை. சிமெண்டுக் கட்டிடம் ஐம்பது வருஷம் நிற்கும். ஒரு வருஷத்து வரவு செலவுத் துண்டுக்காக ஐம்பது வருஷம் ஒரு வீதியைக் குருடாக்குவது சிக்கனமாகுமா?

ஐம்பது வருஷம் என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. அத்தனை காலமும் இத்தனை கார்கள் வந்துகொண்டிருக்குமா? அமெரிக்கர்களே இப்போது இதைச் சந்தேகிக்கத் தொடங்கிவிட்டார்கள். எந்தக் கட்டிடம் கட்டினாலும் இத்தனை கார்களுக்கு இடம் விட்டே தீர வேண்டும் என்ற பழைய சட்டத்தை பஃபலோ நகரம் 2017-ல் நீக்கிற்று. ஸான் பிரான்ஸிஸ்கோ 2018-ல் நீக்கிற்று. பெரிய ரயில், பஸ் நிலையங்களை அடுத்த இடங்களுக்குக் கலிபோர்னியா மாகாணமே 2022-ல் சட்டம் இயற்றி நீக்கிற்று. இதனால் புத்திசாலியான சிற்பிகள் மாடிகளைச் சரிவாகக் கட்டாமல் சமதளமாகக் கட்டி, சாய்தளத்தை மட்டும் ஓர் ஓரமாக ஒதுக்கி வைக்கிறார்கள். நாளைக்குக் கார்கள் குறைந்தால் சமதளத்தை வீடாகவோ காரியாலயமாகவோ மாற்றலாம். சரிந்த தரையில் யார் கட்டில் போட்டுப் படுக்க முடியும்?

இவ்வளவு தூரத்துச் செய்தி நமக்கு எதற்கு என்று கேட்பதற்கில்லை. சென்னை தியாகராய நகரில் பாண்டி பஜாரில் நடப்பவர்களுக்காக நடைபாதையை 2019-ல் அகலமாக்கித் திறந்தார்கள். அதை அடுத்துப் பல அடுக்கு வாகன நிறுத்துமிடம் ஒன்றும் எழுந்தது. தமிழ்நாட்டின் வேறு நகரங்களிலும் இத்தகைய கட்டிடங்கள் வந்துவிட்டன, இன்னும் வரும். நமது கடைவீதிக்குக் காரில் வருகிறவர்களைக் காட்டிலும் நடந்தும் பஸ்ஸிலும் இருசக்கர வண்டியிலும் வருகிறவர்கள் அதிகம். பூக்கூடையும் பழத்தட்டும் வைத்துப் பிழைக்கிறவர்களும் அந்த வீதியின் குடிகளே. ஆகையால் தரைத்தளம் யாருக்கு என்ற கேள்வி அமெரிக்கரைவிட நமக்கு இன்னும் நெருக்கமான கேள்வி.

இப்படிப்பட்ட கட்டிடத்தின் படத்தை நகரசபைக்காரர்கள் வெளியிடும்போது, மேலே வானமும் கீழே மரங்களும் தீட்டிய வர்ணப்படத்தைப் பார்த்து நாம் மயங்கிவிட வேண்டாம். தரைத்தளத்தின் படத்தைக் கேட்டு வாங்கிப் பார்க்க வேண்டும். பெரிய வீதியின் பக்கம் எத்தனை கதவுகள் திறக்கின்றன? கடைகளின் ஆழம் எத்தனை அடி? கார் வாசல் எந்தத் தெருவில்? படிக்கட்டில் இறங்கினவர் முதலில் எதைக் காண்பார்? கட்டணம் செலவுக்குப் போதுமா, அல்லது கார் இல்லாதவருடைய வரியிலிருந்து துண்டு விழுந்ததை நிரப்புவார்களா? இந்த ஐந்து கேள்விகளுக்கும் விடை தெரியாமல் ஆட்சேபமோ சம்மதமோ எழுதி அனுப்புவதில் பிரயோஜனமில்லை. கேள்விகளை எழுப்பப் பொறியியல் பட்டம் வேண்டியதில்லை. காய்கறிப் பையுடன் அந்த வீதியில் தினம் நடக்கும் இல்லத்தரசிக்கு அவற்றைக் கேட்கும் உரிமை மற்ற எவரையும்விட அதிகம் உண்டு.